பதினொன்றரை மணிக் கயிறு

போன வருஷம் மலையோட்டத்தில் டெய்லரக்காவைக் கயிறு போட்டுத் தடுத்தது அவளைக் கட்டின புருஷன்தான். அந்தக் கதையை ஆறு கிராமத்திலும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரிப்பு வராதவள் அவள் ஒருத்திதான்.

ஓட்டம் மொத்தம் முப்பத்திரண்டு கிலோமீட்டர். காலை ஆறரைக்குச் சந்தை மைதானத்தில் கிளம்பி, வயல் வரப்பு, ஆட்டுத் தடம், வீடுகளின் கொல்லைப்புறம் என்று ஐந்து கிராமங்களைக் கடந்து, ஒரு பெரிய குன்றை ஏறி இறங்கினால் ஆறாவது கிராமத்துப் பள்ளிக்கூடம் வரும். அதோடு இருபத்துநாலு முடியும். மிச்ச எட்டும் கடைசி மலை, ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் முடிவுக்கோடு. மத்தியானத்துக்கு மேல் அந்த மலையில் மேகம் இறங்கிவிட்டால் நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாது. அதனால் பதினொன்றரைக்குள் பள்ளிக்கூடத்தைத் தாண்டாதவர்களை மேலே விடமாட்டார்கள். மாட்டு டாக்டர் கொண்டுவரும் தடித்த கயிறு ஒன்றைப் பள்ளிக்கூடக் கேட்டிலிருந்து எதிர்ப்பக்க விளக்குக் கம்பம் வரை இழுத்துக் கட்டிவிடுவார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவர்கள் டிராக்டரில் ஏறித் திரும்ப வேண்டியதுதான்.

கயிறு இழுக்கும் பொறுப்பைக் கமிட்டி பஸ் டிப்போவின் டைம்கீப்பரிடம் கொடுத்திருந்தது. வேறு யாரிடம் கொடுத்தாலும் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று பார்த்து ஐந்து நிமிஷம் தளர்த்தி விடுவார்கள். டைம்கீப்பரிடம் அந்தப் பேச்சே கிடையாது. சொந்தத் தம்பி பெட்டியும் கையுமாக ஓடிவந்தபோதுகூட விசிலை ஊதிப் பஸ்ஸை அனுப்பிவிட்டவர் அவர். போன வருஷம் ஓடிவந்தது மனைவி.

"நாப்பது செகண்டு லேட்டு," என்றார், டிரைவர்களிடம் சொல்லும் அதே குரலில். "டிராக்டர்ல ஏறிக்கோ."

அவள் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று முப்பது, நாற்பது செகண்டு. வாதாட ஒன்றும் இல்லை. உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தாள். அதற்குப் பிறகு ஒன்பது நாள் வீட்டில் தட்டு வைக்கும் சத்தம்தான் பேச்சு. லேசாக வைத்தால் 'சாப்பாடு ரெடி', ஓங்கி வைத்தால் 'இன்னும் மறக்கவில்லை.'

பத்தாம் நாள் காலை அவள் கண் விழித்தபோது அவர் டீ போட்டு வைத்திருந்தார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர் அடுப்பு பற்றவைத்து அவள் பார்த்ததில்லை. மறுநாளும் டீ வந்தது. அப்புறம் பாத்திரம் கழுவினார், தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டார், அவள் விடிகாலையில் ஓடப் போனால் தெருமுனை வரை வந்து நாயை விரட்டினார். தன் கண்டிப்பை நினைத்து மனுஷன் வருந்துகிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அதனால் டீயைக் குடித்தாளே தவிர முகத்தை இளக்கவில்லை.

அவளுக்கு ஓட்டம் வந்த கதையே தனி. இருபத்திரண்டு வருஷம் மெஷினை மிதித்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். நடக்கப் போனவளுக்கு ஒருநாள் தோன்றியது: இத்தனை வருஷம் மிதித்த மிதிக்கு உலகத்தையே ஒரு சுற்று சுற்றி வந்திருக்கலாம், மெஷினோ கடை மூலையை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. அந்த ஆத்திரத்தில் கொஞ்சம் வேகமாக நடந்தாள். அது ஓட்டமாகிவிட்டது. நாற்பத்தைந்து வயதில் மூச்சிரைக்க முதல் குன்றின் உச்சியில் நின்று கீழே பார்த்தபோது, தன் கடை தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கடைசி மலையின் உச்சியிலிருந்து கடையே தெரியாதாம். அதைப் பார்த்துவிட வேண்டும், அதாவது பார்க்காமல் இருந்துவிட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. குறுக்கே ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு புருஷன்.

ஓட்டத்தன்று காலை அவள் ஷூ கட்டிக்கொண்டிருக்கும்போது டைம்கீப்பர் வாசலுக்கும் கூடத்துக்குமாக மூன்று தடவை நடந்தார். அவருக்கு ஆறாவது கிராமத்துக்குப் போக ஜீப் காத்திருந்தது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"ஓடிட்டு வந்து கேக்கறேன்."

"இல்லம்மா, அது வந்து..."

"போன வருஷம் மாதிரிதான் இந்த வருஷமும், கயிறு கயிறுதான்னு சொல்லப் போறீங்க. தெரியும். கிளம்புங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஜீப்புக்குப் போனார். கூடத்துச் சுவரில் கடிகாரம் ஐந்தே முக்கால் என்றது. அந்த வீட்டுக் கடிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். டிப்போவில் கடிகாரத்தை எப்போதும் இரண்டு நிமிஷம் முன்னால் தள்ளித்தான் வைப்பார்கள். டிரைவர் கடைசி வாய் டீயை உறிஞ்சிவிட்டு ஆடி அசைந்து வந்தாலும் பஸ் சரியான நேரத்துக்குக் கிளம்பிவிடும். பத்தொன்பது வருஷப் பழக்கத்தில் டைம்கீப்பரின் கைக்கடிகாரமும் அதே நேரம்தான், வீட்டுக் கடிகாரமும் அதே நேரம்தான். கல்யாண வீடுகளுக்கு இவர்கள் போய் இறங்கும்போது நாற்காலியைக்கூட விரித்திருக்க மாட்டார்கள். டெய்லரக்காவுக்கு அது பழகி, மறந்தும் போய்விட்டது. கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்துத் தன் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டு கிளம்பினாள்.

சந்தை மைதானத்தில் எழுபத்துநாலு பேர் நின்றார்கள். அவள் எண் அறுபத்தொன்று. இளவட்டங்கள் பாய்ந்து போனதைக் கண்டுகொள்ளாமல் அவள் தன் அளவில் ஓடினாள். ஏற்றத்தில் நடை, சமதளத்தில் ஓட்டம், இறக்கத்தில் துணிச்சல். இதுதான் அவள் கணக்கு. ஒரு வருஷமாக இதே தடத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஓடிப் பார்த்திருக்கிறாள். எந்தக் கல் ஆடும், எந்த வேலியில் எந்த நாய் இருக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி.

போதாததற்கு, வழிகாட்டுவதும் அவள் துணிதான். மரத்திலும் வேலியிலும் கட்டியிருந்த பட்டைகள் முழுக்க அவள் கடையில் வெட்டி மிஞ்சியவை. கமிட்டிக்காரர்கள் கேட்டார்கள் என்று ஒரு மூட்டை கொடுத்திருந்தாள். ஆகவே மற்றவர்களுக்கு வெறும் பட்டையாகத் தெரிந்தது அவளுக்கு ஊர்க்கதையாகத் தெரிந்தது. வாய்க்கால் ஓரத்தில் மாட்டு டாக்டரின் கட்டம்போட்ட சட்டை, களத்துமேட்டில் பள்ளிச் சீருடை, முள்வேலியில் ஒரு மணப்பெண்ணின் பச்சைப் பட்டு. இரண்டு தடவை அளவு மாற்றிய பட்டு அது. பெண் கல்யாணத்துக்குள் இளைத்துவிடுவேன் என்று சபதம் போட்டு, ஒரு சுற்று பெருத்துவிட்டாள்.

நான்காவது கிராமத்தில் அவளுடைய நாத்தனார் இருந்தாள். வேலியோரம் நின்று கைதட்டிக்கொண்டிருந்தவள், அண்ணி வருவதைப் பார்த்ததும் கைதட்டலை நிறுத்திவிட்டு, பக்கத்து மரத்தில் கட்டியிருந்த ஆரஞ்சுப் பட்டையைக் கையில் பிடித்தாள்.

"அண்ணி! இது என் சோபாத் துணியாச்சே! ஒரு சாண்கூட மிச்சமில்லன்னு சொன்னீங்க?"

"ஓடிட்டு வந்து பேசறேன்!"

"மலை பூரா கட்டி வெச்சிருக்கீங்களே அண்ணி!"

துணி கொடுத்தவர் கேட்கும்வரை டெய்லரிடம் மிச்சம் இருக்கும், கேட்டதும் தீர்ந்துவிடும். இது உலகம் முழுக்க உள்ள வழக்கம். அவள் தலையைக் குனிந்துகொண்டு வேகத்தைக் கூட்டினாள். அந்த வெட்கத்தில் அரை நிமிஷம் மிச்சமானது என்றுகூடச் சொல்லலாம்.

ஐந்தாவது கிராமத்துத் தண்ணீர்த் தொட்டியருகே கடிகாரம் ஒன்பது ஐம்பது. போன வருஷத்தைவிட ஆறு நிமிஷம் முந்தியிருந்தாள். ஒரு வாழைப்பழத்தை நடந்துகொண்டே தின்றாள். பெரிய குன்றின் ஏற்றம் தொடங்கியது. இரண்டு பக்கமும் கற்சுவர், நடுவில் கரடுமுரடான பாதை. தொடை எரிந்தது, முதுகில் வியர்வை ஊற்றியது. 'இப்பவே எரியட்டும், அப்புறம் எரியறதுக்கு ஒண்ணும் இருக்காது' என்று தொடைக்குச் சமாதானம் சொன்னாள். முன்னால் போன இரண்டு பேரைத் தாண்டினாள். ஒரு வங்கி ஊழியரும் அவர் நண்பரும் பாறையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, ஒரு போட்டோ?"

"இறங்கினப்புறம் எடுத்துக்கலாம் தம்பி."

உச்சியில் பதினொன்று ஐந்து. இருபத்தைந்து நிமிஷத்தில் மூன்றரைக் கிலோமீட்டர் இறங்க வேண்டும். பழகும்போது இருபத்திரண்டில் இறங்கியிருக்கிறாள். மூன்று நிமிஷம் கையில் இருக்கிறது. மனசு துள்ளியது. ஆனது ஆகட்டும் என்று காலை விட்டாள்.

அங்கேதான் பேண்ட் காலை வாரியது. ஊருக்கெல்லாம் தைக்கிறவள் தனக்குத் தைப்பதில்லை என்பது எல்லாக் கடைகளிலும் நடக்கும் கூத்து. அவளுடைய ஓட்டப் பேண்டின் எலாஸ்டிக் மூன்று மாசம் முன்பே தளர்ந்துவிட்டது. மாற்றக் கால் மணி நேரம் போதும். ஆனால் கல்யாண சீசன், அந்தக் கால் மணி கிடைக்கவில்லை. நைந்துபோன பழைய இஞ்ச் டேப் ஒன்றை நாடாவாகக் கோத்து முடிச்சுப் போட்டிருந்தாள். இறக்கத்தின் பாதியில், ஒரு பள்ளத்தைத் தாண்டிக் குதித்தபோது, டேப் நாற்பத்திரண்டாம் இஞ்சில் பட்டென்று அறுந்தது.

பேண்ட் இறங்கியது. அவள் பிடித்தாள். பிடித்த வேகத்தில் கால் தடுமாறி முட்டி தரையில் மோதியது. எழுந்து, அறுந்த டேப்பை இழுத்து முடிச்சுப் போடப் பார்த்தாள். வியர்வைக் கையில் அது வழுக்கியது. இன்னொரு முடிச்சும் அவிழ்ந்தது. கடிகாரத்தைப் பார்த்தால் ஒன்றரை நிமிஷம் போயிருந்தது. "சனியனே!" என்று டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டாள். இடது கையால் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கினாள்.

ஒரு கையை வீசாமல் இறக்கத்தில் ஓடிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஒவ்வொரு கல்லிலும் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முட்டியில் ரத்தம் வழிந்தது. எதிரே புல்கட்டு சுமந்து வந்த ஒரு கிழவர் ஒதுங்கி வழிவிட்டு, "வயித்து வலியாம்மா?" என்று அக்கறையாகக் கேட்டார். அவள் வலது கையை ஆட்டிவிட்டு ஓடினாள். ஆரஞ்சுப் பட்டை, பச்சைப் பட்டை, மறுபடி ஆரஞ்சு. நாத்தனாரின் சோபா அவளைக் கீழே கீழே கூட்டிக்கொண்டு போனது.

சிறு பாலத்தில் கால் வைத்தபோது கடிகாரம் சரியாகப் பதினொன்று முப்பது.

பாலத்திலிருந்து பள்ளிக்கூடம் நூற்றைம்பது மீட்டர், மேட்டுப்பாதை. வளைவு மறைத்ததால் கயிறு தெரியவில்லை. ஆனால் அந்த மனுஷனை அவளுக்குத் தெரியாதா? இந்த நிமிஷம் கயிறு கம்பத்தில் ஏறிக்கொண்டிருக்கும். ஒரு வருஷம், முந்நூறு விடிகாலை, எல்லாம் ஒரு எலாஸ்டிக்கில் போய்விட்டதே என்று அழுகை முட்டியது. நடந்து போகலாமே, இனி என்ன அவசரம் என்று கால் கேட்டது.

தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? ஓடு, என்றாள் தனக்குத்தானே. கயிற்றில் போய் நெஞ்சு முட்டட்டும். ஓடிவந்து முட்டினவள் என்று அந்த ஆள் பார்க்கட்டும், நடந்துவந்து நின்றவள் என்று சொல்லக் கூடாது. மேட்டில் அவள் வழக்கமாக நடப்பாள். இந்த மேட்டை ஓடினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு கையில் பேண்ட், மறு கையில் காற்று.

வளைவு திரும்பியது. பள்ளிக்கூடக் கேட்டருகே தண்ணீர் மேஜை, அதன் பின்னால் ஒரு கல்லூரிப் பெண், பக்கத்தில் மாட்டு டாக்டர். நடுவில் டைம்கீப்பர், கையில் கயிற்று நுனி. கயிறு தரையில் கிடந்தது.

"டைம் ஆச்சே சார், உங்க வாட்ச்ல முப்பத்தொண்ணு காட்டுதே," என்று மாட்டு டாக்டர் சொல்வது காதில் விழுந்தது.

"இன்னும் இருக்கு," என்றார் டைம்கீப்பர்.

டெய்லரக்கா கயிற்றுக்கு இரண்டடி முன்னால் நின்றுவிட்டாள். நெஞ்சு பட்டறைத் துருத்தி மாதிரி அடித்தது. தன் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று முப்பத்தொன்று தாண்டிப் பத்து செகண்டு. அவளுக்குள் எதுவோ பற்றிக்கொண்டது.

"எனக்காகக் கயிறைக் கீழ போட்டு வெச்சிருக்கீங்களா?"

"வா, வா, தாண்டு முதல்ல."

"பிச்சையா போடறீங்க? ஊர் சிரிச்சுது, நீங்களும் ஒரு வருஷமா டீ போட்டுத் தந்து பாவம் கழுவிட்டீங்க, இப்ப இதுவுமா? லேட்டுன்னா லேட்டு. இழுங்க கயிறை. நான் டிராக்டர்ல ஏறிக்கறேன்."

"லேட் இல்லம்மா நீ!"

"என் வாட்ச்லயே முப்பத்தொண்ணு!"

"உன் வாட்ச் நம்ம வீட்டு வாட்ச்!" டைம்கீப்பரின் குரல் உடைந்தது. டிப்போவில் யாரும் அந்தக் குரலைக் கேட்டிருக்க மாட்டார்கள். "நம்ம வீட்டு டைம் ரெண்டு நிமிஷம் முன்னாடி. என் வாட்ச்சும்தான். போன வருஷமும்தான்."

மாட்டு டாக்டர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"போன வருஷம் நீ நாப்பது செகண்டு லேட்டில்ல. ஒரு நிமிஷம் இருபது செகண்டு முன்னாடி வந்தே. ஒம்பதாம் நாள் ராத்திரி ரேடியோல மணி அடிச்சப்பதான் எனக்கு உறைச்சுது. அன்னிலேர்ந்து திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி..." அவர் கயிற்று நுனியைக் கை மாற்றிக்கொண்டார். "காலையில சொல்லத்தான் வந்தேன்."

தண்ணீர் மேஜைப் பெண் தன் போனைத் தூக்கிக் காட்டிக் கத்தினாள். "அக்கா, பதினொண்ணு இருபத்தொம்பதுதான் ஆகுது! எப்ப வேணா முப்பதாயிடும், தாண்டுங்கக்கா!"

டெய்லரக்காவுக்கு ஒரு செகண்டில் எல்லாம் விளங்கியது. உருளைக்கிழங்கு மூட்டை, தட்டுச் சத்தம், முந்நூறு டம்ளர் டீ. போன வருஷமே இந்தக் கயிற்றை அவள் தாண்டியிருக்க வேண்டும். வந்த கோபத்துக்கு அந்தக் கயிற்றாலேயே இந்த மனுஷனை விளக்குக் கம்பத்தில் கட்டியிருப்பாள். ஆனால் கட்டுவதற்கு நேரம் இல்லை. நேரம் இருந்தது ஓடுவதற்கு மட்டும்தான்.

"வாட்ச்சைக் கழட்டுங்க," என்றாள்.

அவர் கழற்றிக் கொடுத்தார். அவள் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கயிற்றைத் தாண்டினாள். போனில் முப்பது விழுந்தது. "இழுங்க சார்!" என்று அந்தப் பெண் கூவ, டைம்கீப்பர் கயிற்றை இழுத்துக் கம்பத்தில் கட்டினார்.

"பேண்டுக்கு என்ன ஆச்சு?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

"ஓடிட்டு வந்து பேசறேன்!"

தண்ணீர் மேஜைப் பெண் ஓடிவந்து தன் கூந்தலில் இருந்த துணி ரிப்பனை அவிழ்த்துக் கொடுத்தாள். டெய்லரக்கா ஓடிக்கொண்டே அதை இடுப்பில் முடிந்தாள். இப்போது இரண்டு கையும் அவளுடையவை. கடைசி மலையைக் கோபத்தில் ஏறினாள். பாதி வழியில் கோபம் தீர்ந்துவிட்டது. மீதியைச் சிரிப்பில் ஏறினாள். நேரத்தையே விற்றுப் பிழைக்கும் மனுஷன் வீட்டில், நேரம் தப்பு என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லையே! உச்சியில் நின்று கீழே பார்த்தாள். கடை தெரியவில்லை. சந்தைகூடத் தெரியவில்லை. கண் நிறைந்து, தெரிந்த மலையும் கலங்கியது. மேகம் வருவதற்குள் இறங்கிவிட்டாள். முடிவுக்கோட்டில் ஒன்று பத்து. அதுவும் கமிட்டிக் கடிகாரத்தில்.

அங்கே டைம்கீப்பர் அவளுக்கு முன்பே ஜீப்பில் வந்து, வெறும் மணிக்கட்டோடு நின்றிருந்தார். அவள் புல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றியதும் பக்கத்தில் வந்து குந்தினார்.

"இப்ப பேசலாமா?"

"பேசுங்க."

"கமிட்டில சொல்லிட்டேன். எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன், தப்பு என்னுதுன்னு. போன வருஷத்துக்கும் சேர்த்து உனக்குச் சான்றிதழ் தரேங்கறாங்க."

அவள் முட்டியில் காய்ந்த ரத்தத்தைத் தண்ணீர் தொட்டுத் துடைத்தாள். "எனக்கு வேண்டாம்."

"ஏம்மா? இன்னும் கோபமா?"

"கோபம் அது பாட்டுக்கு இருக்கு. போன வருஷம் நான் ஓடினது இருபத்துநாலு. மிச்சம் எட்டு ஓடலையே. ஓடாததுக்கு எதுக்குக் காயிதம்?"

"அப்ப என்ன பண்றது?"

"வர்ற ஞாயித்துக்கிழமை பதினொன்றரைக்குப் பள்ளிக்கூடத்துலேர்ந்து அந்த எட்டையும் ஓடி முடிக்கப் போறேன்." பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள். "நீங்களும் கூட ஓடி வர்றீங்க."

"நானா? பஸ் ஸ்டாண்டைச் சுத்தி நடந்தாலே எனக்கு மூச்சு வாங்குது!"

"வாங்கட்டும். என் எட்டு கிலோமீட்டரை ஒரு வருஷம் வெச்சிருந்தது நீங்கதானே?"

ஞாயிற்றுக்கிழமை டைம்கீப்பர் டிப்போ ஷூவோடு வந்து நின்றார். அவளுக்குப் புது எலாஸ்டிக். பள்ளிக்கூட வாசலில் யாரும் இல்லை, கயிறும் இல்லை. அவர் மணிக்கட்டைப் பார்த்தார். கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தார். பத்தொன்பது வருஷத்தில் அது முதல் தடவை.

"பதினொண்ணு இருபத்தெட்டுதான் ஆகுது," என்றார், கொஞ்சம் உட்காரலாமே என்ற ஆசையோடு.

"நம்ம வீட்டு டைம்ல பதினொன்றரை," என்று சொல்லிவிட்டு அவள் மேட்டில் ஏற ஆரம்பித்தாள். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு அவள் பின்னால் ஓடினார்.